முப்புரி கண்டவர்

நுழையும்முன்

தோல் நம் உடலின் மிகப்பெரிய உறுப்பு. அது கிழிந்தால் மீண்டும் வளரும். பெரும்பரப்பில் அழிந்தால் தானாக வளராது. அந்நிலையில் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த தோலைக் கொண்டு காயத்தை மூடும் கலையை இன்றைய மருத்துவம் கற்றிருக்கிறது. அக்கலைக்கு அடிப்படையான ஒரு புரதத்தின் வடிவம் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் சென்னை கிண்டி. கண்டறிந்தவர் ஜி.என். இராமச்சந்திரன். அவர்தம் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்ததும் வருவது நசரத்பேட்டை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை நீளும் வெளிவட்டச் சாலை இவ்வூரருகே அந்நெடுஞ்சாலையைக் குறுக்கிடுகிறது. துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கு வண்டிகளும், தொழிற்சாலைப் பேருந்துகளும், கல்லூரிக்கு விரையும் இரு சக்கர வாகனங்களும் இரவும் பகலும் இங்கே கலந்து பிரிகின்றன. இத்தகைய சாலையில் ஒரு வாகனம் சறுக்கி விழுமானால், எலும்பு முறியாவிட்டாலும் தோல் தப்புவதில்லை. தாரும் சல்லியும் சில நொடிகளில் கையின் தோலையோ காலின் தோலையோ தசை தெரியும்படி உரித்துவிடுகின்றன.

விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் மருத்துவர் முன் இரண்டு வினாக்கள் நிற்கும். தலைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத குருதிக்கசிவு உண்டா என்பது ஒன்று. இழந்த தோலை எதனால் ஈடுசெய்வது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு சி.டி. ஸ்கேன் விடை தருகிறது. இரண்டாவதற்கு விடை தேடுவோர் கொலாஜன் என்னும் புரதத்திடம் வந்து சேர்கின்றனர். இவ்விரு துறைகளின் வரலாற்றிலும் ஒரே மனிதரின் பெயர் இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. அவர் மருத்துவர் அல்லர், இயற்பியல் அறிஞர்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரம். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் அதன் முதல்வரானவர். தந்தை வீட்டிலேயே ஊட்டிய கணிதம் மகனுக்கு வாழ்நாள் முழுவதும் துணைநின்றது. பிற்காலத்தில் உயிரியலின் சிக்கல்களை அவர் அணுகிய முறையைப் பார்த்தால், அவை யாவும் அவருக்கு வடிவியல் கணக்குகளாகவே தோன்றின என்று சொல்லலாம்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் சென்னைப் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றுத் தேறினார். மகன் இரயில்வே பொறியாளராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதற்கான தேர்வை எழுத அவர் தில்லிக்கு அனுப்பப்பட்டார். அத்தேர்வில் தேறாமல் இருப்பதற்காகவே அவர் எழுதினார் என்று அவரை அறிந்தவர்கள் கூறுவர்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில்தான். ஆனால், அந்நிறுவனத்தில் அப்போது சர் சி.வி. இராமன் இருந்தார். மாணவரின் திறத்தை அறிந்துகொண்ட இராமன், அவரைத் தம் இயற்பியல் துறைக்கு மாற்றிக்கொண்டார். ஒளிச்சிதறலிலும் வைரத்தின் படிக அமைப்பிலும் ஆய்வுகள் நிகழ்ந்தன. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் சென்று, கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்பாரின் வழிகாட்டுதலில் படிகங்களின் மீள்தன்மையை எக்ஸ் கதிர்களால் அளந்தறியும் ஆய்வை மேற்கொண்டு 1949இல் மற்றொரு முனைவர் பட்டமும் பெற்றார். வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளை அங்குதான் கேட்டார். பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை மாதிரிகள் கட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்போது விழுந்தது.

கிண்டிக்கு வந்த இளம் பேராசிரியர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அந்நாளில் விளங்கியவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவத்தில் பெயர்பெற்ற அவர், அடிப்படை அறிவியல் ஆய்வும் பல்கலைக்கழகத்தில் தழைக்க வேண்டும் என்று விரும்பியவர். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க இராமனை அழைத்தபோது, இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952இல் முப்பது வயதும் நிறையாத நிலையில் இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

துறை புதிது, கருவிகள் குறைவு. எந்தச் சிக்கலை எடுத்துக்கொள்வது என்பதே முதற்கேள்வி. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்புக்கு இதுவரை எவரும் நிறைவான விடை தரவில்லை என்பதைப் பேச்சினிடையே சுட்டினார். இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் என்பது நம் உடலிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கும் மேலானது. தோலுக்கு உறுதி, தசைநாணுக்கு வலிமை, எலும்புக்குப் பிடிமானம் ஆகிய அனைத்தையும் தருவது அதுவே. தோல் பதனிடுவோர் வாழ்வதும் இப்புரதத்தை நம்பித்தான். விலங்கின் தோலிலுள்ள கொலாஜனை அழுகாமல் நிலைபெறச் செய்வதற்குத்தான் பதனிடுதல் என்று பெயர். நசரத்பேட்டை வழியே செல்லும் அதே நெடுஞ்சாலைதான் இராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வழிகாட்டுவது. அவ்வூர்களின் தோல் தொழில் நாடறிந்தது. 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டதற்கும் இத்தொழிலே காரணம். அந்நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அண்டையில் அமைந்தது ஒரு நற்பேறு. ஆய்வுக்கு ஏற்ற தூய கொலாஜன் இழை அங்கிருந்தே கிடைத்தது. அது கங்காருவின் வால் தசைநாண்!

மூன்று புரிகள்

எக்ஸ் கதிரைக் கொலாஜன் இழையின்மீது செலுத்தினால், கதிர்கள் சிதறிப் படச்சுருளில் சில புள்ளிகளையும் கோடுகளையும் விட்டுச்செல்லும். அவ்வளவுதான் சான்று. அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, கண்ணால் காண இயலாத மூலக்கூறின் வடிவத்தை ஊகிக்க வேண்டும். நிழலை மட்டும் பார்த்துப் பொருளைச் செதுக்குவது போன்ற வேலை இது. புரதங்களின் சுருள் வடிவைக் கண்டறிந்த பாலிங்கே 1951இல் கொலாஜனுக்கு முன்மொழிந்த அமைப்பு சான்றுகளோடு பொருந்தாமற்போயிற்று.

இராமச்சந்திரனும் இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் இரசாயனப் பகுப்பாய்வு தந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டனர். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுவே. இப்பங்கு தற்செயலாக அமைந்திருக்க முடியாது என்றும், சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசினே அமர்ந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதினர். அப்படியானால் அந்த மூன்றாம் இடம் ஏன் மிகச்சிறியதைக் கேட்கிறது? அங்கே இடம் இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மூன்று சங்கிலிகள் நெருங்கி ஒன்றாகப் பிணைந்திருந்தால், நடுவில் வேறு எந்த அமினோ அமிலமும் நுழைய முடியாது. கிளைசின் மட்டுமே நுழையும். மூன்று இழைகள் சேர்ந்த இந்த அமைப்பை 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேச்சர் ஆய்விதழில் அவர்கள் வெளியிட்டனர்.

ஆயினும் முதல் மாதிரியில் மூன்று இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. படச்சுருளின் புள்ளிகள் முழுவதும் பொருந்தவில்லை. இக்குறை இராமச்சந்திரனை உறுத்திக்கொண்டே இருந்தது. நிலவு பூமியைச் சுற்றிவரும்போது எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறது. ஒருமுறை பூமியைச் சுற்றும் காலத்தில் அது தன்னைத்தானேயும் ஒருமுறை சுற்றிக்கொள்வதால் விளைவது இது. கொலாஜனின் ஒவ்வோர் இழையும் தன்னளவில் சுருண்டுகொண்டே, பொது அச்சு ஒன்றையும் சுற்றி வருமானால் கிளைசின் எப்போதும் நடுவையே நோக்கி நிற்கும். நிலவைப் பற்றிய நினைவே இவ்வழியைக் காட்டியது என்று அவர் பின்னர் கூறியதுண்டு. 1955இல் திருத்திய மாதிரி வெளிவந்தது.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவர். பின்பு மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர். ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றது இறுகும். அதனாலேயே கயிறு பிரிவதில்லை. கொலாஜனிலும் தனி இழைகள் இடப்புறமாகவும், மூன்றும் சேர்ந்த கயிறு வலப்புறமாகவும் சுருள்கின்றன. நம் முன்னோர் கைகளால் கண்ட நுட்பத்தை இயற்கை அதற்கும் முன்பே நம் தோலுக்குள் வைத்திருந்தது.

கருத்துப்போர்

புகழோடு எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் தங்கள் மாதிரி ஒன்றை வெளியிட்டனர். மூன்று இழைகள் கயிறாகத் திரிந்திருக்கின்றன என்பதில் அவர்களுக்கு மாறுபாடு இல்லை. இழைகளுக்கிடையே ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு என்றார் இராமச்சந்திரன். ஒன்றுதான் என்றனர் அவர்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பதும் அவர்களது குற்றச்சாட்டு. கேம்பிரிட்ஜின் குரல் உலகெங்கும் எட்டியது. கிண்டியின் குரலுக்கு அந்த வலிமை இல்லை. கண்டுபிடிப்பின் முதன்மை தமக்குரியது என்பதை நிலைநாட்ட அவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

பின்னாளில் நடந்ததையும் கூற வேண்டும். 1994இல் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பு நுட்பமாக அளந்தறியப்பட்டது. முப்புரி அமைப்பு உறுதியாயிற்று. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே எனவும் தெரிந்தது. அவ்வளவில் கிரிக் தரப்பினர் கூறியதே சரி. ஆனால், இழைகளைச் சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் வலைபோல் பின்னி அவற்றைப் பிணைத்திருந்தன. இரண்டாம் பிணைப்பு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று 1968இலேயே இராமச்சந்திரன் எழுதியிருந்தார்.

அணுக்களின் நெருக்கம் பற்றிய குற்றச்சாட்டை அவர் கையாண்ட விதம் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. மறுப்பு மட்டும் எழுதிவிட்டு அவர் அமைதியடையவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு ஏதும் உண்டா என்று தேடினார். இல்லை எனக் கண்டதும், அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் தொகுத்து அணுக்களுக்கிடையிலான தொலைவுகளை அட்டவணையிட்டார். சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் உடன் உழைத்தனர். புரதச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பையும் ஃபை, சை என்னும் இரண்டு கோணங்களால் குறிக்கலாம் என்றும், அக்கோணங்களில் பெரும்பாலானவை அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதால் இயலாதவை என்றும் கணக்கிட்டனர். இயலும் கோணங்களை மட்டும் காட்டும் வரைபடம் 1963இல் வெளிவந்தது. அதுவே இராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியானதா என்பதை இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிப்பது வழக்கம். ஒரு பழிச்சொல்லுக்கு விடைதேடப் புகுந்தவர், அந்தப் பழிச்சொல்லைவிடப் பெரியதொன்றைக் கண்டெடுத்தார்.

காயம் ஆறும் வழி

இராமச்சந்திரன் தோல் வளர்க்க முனைந்தவர் அல்லர். எனினும் அவர் கண்ட முப்புரியை அறியாமல் காயம் ஆறும் கதையைச் சொல்ல இயலாது.

நம் தோலுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே மெல்லிய மேல்தோல். கீழே கொலாஜன் நிறைந்த அடித்தோல். சிராய்ப்பு மேல்தோலோடு நின்றால் சில நாள்களில் வடுவின்றி ஆறிவிடும். அடித்தோலும் போய்விட்டால் காயத்தின் ஓரங்களிலிருந்து மட்டுமே மேல்தோல் ஊர்ந்துவர முடியும். இடைப்பட்ட காலத்தில் நீர் வெளியேறும். கிருமிகள் உள்ளே புகும். உடல் அவசரமாகக் கொலாஜனை நெய்து பள்ளத்தை நிரப்பும். அவசரத்தில் நெய்த அந்நெசவு ஒழுங்கின்றி ஒரே போக்கில் அமைவதால் வடு இறுகிச் சுருங்கும். மூட்டருகே இருந்தால் கையை நீட்ட முடியாமற்போகும்.

இந்த நெசவுக்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது இல்லாவிடில் முப்புரியின் முறுக்கை நிலைபெறச் செய்யும் ஹைட்ராக்சிபுரோலின் என்னும் பகுதி உருவாவதில்லை. முற்காலத்தில் நெடுநாள் கடற்பயணம் செய்த மாலுமிகளுக்கு, எப்போதோ ஆறிய பழைய காயங்கள் மீண்டும் வாய்பிளந்ததன் காரணம் இதுவே. ஆறிய வடுவிலும் கயிறு ஓயாமல் அவிழ்ந்து திரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

பரந்த காயங்களுக்கு நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவதே இன்றும் பெருவழக்கான மருத்துவம். உடலில் மிஞ்சிய தோல் போதாதபோது என்ன செய்வது? 1975இல் ரைன்வால்டு, கிரீன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் மனித மேல்தோல் செல்களை ஆய்வகத் தட்டில் பெருக்கும் முறையைக் கண்டனர். அஞ்சல் தலை அளவான தோலிலிருந்து, மூன்று நான்கு வாரங்களில் உடலையே போர்த்தக்கூடிய பரப்புக்குச் செல் தாள்களை வளர்க்க அது வழிசெய்தது. 1983இல் உடலில் 95 விழுக்காட்டிற்கும் மேல் எரிந்துபோன இரண்டு சிறுவர்கள் இத்தாள்களால் உயிர்பிழைத்தனர். ஒருவருக்கு வயது ஐந்து, மற்றவருக்கு ஆறு.

ஆனால், மேல்தோல் மட்டும் போர்த்திய இடம் எளிதில் கிழிந்தது. அடியில் கொலாஜன் மெத்தை வேண்டும். பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் பொறியியல் அறிஞர் யான்னிஸ் யானஸும் 1981இல் அதற்கு வழி கண்டனர். மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொருளையும் சேர்த்துக் கடற்பஞ்சு போன்ற நுண்துளைப் படலம் ஒன்றைச் செய்து, அதன்மேல் சிலிகோன் தாளை வேய்ந்தனர். காயத்தில் வைத்ததும் நோயாளியின் செல்கள் அத்துளைகளுக்குள் குடியேறுகின்றன. பழைய சாரத்தை மெல்லக் கரைத்துவிட்டுத் தம் கொலாஜனை நெய்கின்றன. சில வாரங்கள் கழித்துச் சிலிகோனை உரித்துவிட்டு மெல்லிய மேல்தோலை ஒட்டினால் போதும். கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பது போன்றது இது. இதன் வணிக வடிவத்திற்கு அமெரிக்க அரசு 1996இல் ஒப்புதல் அளித்தது.

மாட்டின் கொலாஜனை மனித உடல் பெரும்பாலும் பகையாகக் கருதாமல் ஏற்பது ஏன்? கங்காருவாயினும் மாடாயினும் மனிதராயினும் முப்புரியின் அடிப்படை ஒன்றே. மூன்றாம் இடந்தோறும் கிளைசின். கிண்டியில் கங்காருவின் வால் காட்டிய வடிவம் நம் முழங்கையின் தோலுக்கும் உரியது. அந்த நாணைத் தந்த தோல் ஆராய்ச்சி நிறுவனமும் காலப்போக்கில் கொலாஜனிலிருந்து காயங்களை மூடும் படலங்கள் செய்யும் ஆய்வில் இறங்கியது. செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடக் கற்பிக்கத் தோன்றிய நிறுவனம் மனிதத் தோலை மீட்கும் பணிக்கும் வந்துசேர்ந்தது.

வளர்த்த தோலுக்குக் குறைகளும் உண்டு. அதில் வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இல்லை. விலையும் எளியவர் கைக்கு எட்டுவதாக இல்லை. நெடுஞ்சாலையில் தோல் இழந்தவர்களில் பலருக்கு இன்றும் தொடையின் தோலே துணை.

பெங்களூருவும் இறுதிக்காலமும்

இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த இலட்சுமணசாமி முதலியார் 1969இல் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் இல்லாத பல்கலைக்கழகத்தில் தம் துறைக்கு முன்னைய ஆதரவு கிடைக்காது என இராமச்சந்திரன் உணர்ந்தார். உலக அறிஞர்கள் கூடிய கருத்தரங்குகளை நடத்திய கிண்டி வளாகத்தைவிட்டு அவர் வெளியேறியது சென்னைக்குப் பேரிழப்பு. சில காலம் சிகாகோவில் பணியாற்றியபின், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை 1971இல் நிறுவினார்.

அவ்வாண்டில்தான் இலட்சுமிநாராயணனுடன் இணைந்து அவர் மற்றொரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, அப்படங்களிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணக்கை விரைவாகவும் துல்லியமாகவும் செய்யும் முறையை அது விளக்கியது. இலண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதல் சி.டி. ஸ்கேன் கருவி படமெடுத்ததும் அதே 1971இல்தான். பின்னர்ப் பரவிய சி.டி. கருவிகளின் கணக்கீட்டு முறைகளில் இராமச்சந்திரன்–இலட்சுமிநாராயணன் வழிக்குச் சிறப்பிடம் உண்டு. விபத்தில் அடிபட்டவரின் மண்டையோட்டுக்குள் குருதி கசிகிறதா என்று மருத்துவர் சில நிமிடங்களில் பார்க்க முடிவதற்கு இத்தகைய கணக்கே காரணம்.

1961இல் பட்நாகர் பரிசும், 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு 1999இல் வழங்கப்பட்டது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. அதற்கு அவர் தகுதியானவர் என்று கருதிய அறிஞர் உலகெங்கும் இருந்தனர்.

கருநாடக இசையிலும் மெய்யியலிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. இறுதிக்காலத்தில் சமண மரபின் தருக்க முறையைக் கணிதமாக எழுதிப் பார்த்தார். 1945இல் மணந்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் உடனிருந்தவரின் பிரிவு அவரை மிகவும் தளர்த்தியது. நடுக்குவாத நோயும் சேர்ந்துகொண்டது. சென்னையில் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் 78ஆம் வயதில் ஜி.என். இராமச்சந்திரன் காலமானார்.